பழைய கிதாபுக்குப் புது அட்டை

 

கிழிந்துபோன ஒரு கிதாபுக்குப் புது அட்டை போடுவதா, வேண்டாமா என்பது பத்துப் பேர் கூடி ஆராய வேண்டிய பிரச்சினையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை என்று கிதாபைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவன், எட்டு மாதம் அதைக் கட்டாமலே வைத்திருந்தேன். அந்த எட்டு மாதத்து யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். மதறஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பில்லாத கடைக்காரன் நான். பிழை இருந்தால் ஆலிம் பெருமக்கள் பொறுத்துத் திருத்தவேண்டும்.

கிதாபு இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அரபுத் தமிழில் எழுதிய ‘ஃபத்ஹுத் தய்யான்’. கல்லச்சில் பதித்த பிரதி. அரபுத் தமிழ் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது தெரியாது. தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதுவது அது. அரபியில் இல்லாத ஓசைகளுக்கு, உள்ள எழுத்துக்களிலேயே புள்ளியும் குறியும் கூட்டிப் புது எழுத்துக்களை நம் முன்னோர் உண்டாக்கிக்கொண்டார்கள். தமிழெழுத்து அறியாத எத்தனையோ பெண்மணிகள் இந்த எழுத்தின் வழியாகத்தான் தொழுகை, நோன்பின் சட்டங்களைக் கற்றார்கள். என் பாட்டியாரும் அவர்களில் ஒருவர்.

பாட்டனார் இதை ஊரிலிருந்து கப்பலில் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின்மீது குண்டு போட்டபோது பட்டணத்து ஜனங்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓடினார்கள் அல்லவா? பாட்டனாரும் ஓடினார்கள். தலையில் அரிசி மூட்டை, கக்கத்தில் இந்தக் கிதாபு. வழியில் மழை. அந்த மழையின் கறை, தேநீர் சிந்தியதுபோல, நடுப்பக்கங்களில் இன்றும் இருக்கிறது.

வாப்பா மவுத்தான பிறகு அலமாரியோடு கிதாபு என் வீட்டுக்கு வந்தது. முதுகுத் தோல் உதிர்ந்துவிட்டது. தையல் நூல் இற்று, பாரங்கள் தனித்தனியே கிடந்தன. பூச்சி துளைத்த வழி முதல் ஏட்டில் தொடங்கி ஐம்பதாம் ஏடு வரை போகிறது. எடுக்கும்போதெல்லாம் பொடிப்பொடியாகத் தாள் உதிரும். உதிர்வது வெறும் தாளன்று. அதில் அல்லாஹ்வின் பெயர் இருக்கும், ஹதீஸ் இருக்கும். அதைத் துடைப்பத்தால் பெருக்க முடியுமா? ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். ஆகவே, ‘பழையதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடு’ என்று சிலர் சொன்ன யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. தொடாமல் விடுவதும் ஒரு செயல்தான். அதற்கும் நான்தான் பொறுப்பு.

பட்டணத்தில் பைண்டிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கணக்குப் புத்தகங்கள் கட்டிக் கட்டிக் கை தேர்ந்தவர். புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, முதுகை வெட்டி எடுத்துவிட்டு, மூன்று பக்கமும் மிஷினில் கால் அங்குலம் சீவிவிட்டு, வெள்ளைப் பசை போட்டு ஒட்டினால் கல் மாதிரி நிற்கும். மேலே பச்சை ரெக்ஸின், தங்க எழுத்து. கலியாணத்துக்கே வைக்கலாம்” என்றார். எனக்கும் ஆசை வந்தது. விருந்தாளிகள் வந்தால் எடுத்துக் காட்டலாமே என்று மனம் கணக்குப் போட்டது.

ஆனால் அந்தக் கால் அங்குலத்தில் என்ன இருக்கிறது? ஓரத்தில் வாப்பா பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. எந்த ஆண்டு ரமலானில் எதுவரை வாசித்தார்கள் என்ற அடையாளங்கள். அடியில், அடுத்த பக்கத்தின் முதற்சொல் சிறிதாக இருக்கிறது. பழைய கிதாபுகளில் ஏடு கலைந்துவிட்டால் அதைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். இவையெல்லாம் கத்தியின் வழியில் நிற்பவை. பெரியவரோ, “எழுத்துக்கு ஒன்றும் ஆகாது தம்பி, ஓரம்தானே” என்றார். கூடவே வந்திருந்த என் ராத்தாவும், “கிதாபு என்பது உள்ளே இருக்கும் இல்முதானே, அட்டை வெறும் சட்டை. சட்டை கிழிந்தால் மாற்றமாட்டோமா?” என்றார். ராத்தாவின் வாதம் லேசான வாதம் அன்று. கேட்டுவிட்டுப் பதில் சொல்லத் தெரியாமல் கிதாபைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கடையில் பாட்டனார் காலத்துத் தராசு ஒன்று உண்டு. அதன் தட்டை வாப்பா மாற்றினார்கள். சங்கிலியை நான் மாற்றினேன். கோலும் ஒருமுறை மாறியிருக்கிறது. அப்படியிருந்தும் அதை இன்றைக்கும் ‘பாட்டனார் தராசு’ என்றுதான் சொல்கிறோம். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. தராசின் வேலை சரியாக நிறுப்பது. தேய்ந்த தட்டை மாற்றாமல் வைத்திருந்தால்தான் பாவம். கிதாபும் அப்படியா என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். அதிலுள்ள சட்டங்கள் மட்டும் வேண்டுமானால் வேறு பிரதி தேடி வாங்கிக்கொள்ளலாம். 1963ல் கொழும்பில் அதை ஆங்கிலத்திலும் பெயர்த்து வெளியிட்டார்கள். அப்படியானால் என் கையிலிருக்கும் இந்தப் பிரதியில் மட்டும் இருப்பது என்ன? மழைக்கறை, பென்சில் குறி, பாட்டியாரின் விரல்பட்டுக் கறுத்த மூலைகள். இவை சட்டை அல்ல, ராத்தா. இவை வேறெங்கும் கிடைக்கமாட்டா.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

பின்னட்டையின் உட்புறத்தில் பாட்டனார் தம் கையால் ஐந்து வரி எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 1357, அதாவது 1938ஐ ஒட்டிய காலம். யார் யாரிடம் கைமாற்று வாங்கினார்கள் என்ற கணக்கு அது. நான்கு வரிகளின்மேல் கோடு இழுத்திருக்கிறது. ஐந்தாவது வரி, 30 வெள்ளி. அதன்மேல் கோடு இல்லை. கொடுத்தவர் பெயரை இங்கே எழுதவில்லை. நாகப்பட்டினத்துக்காரர், கப்பல் சாமான் வியாபாரி என்றுமட்டும் தெரிகிறது. பாட்டனார் அடைத்துவிட்டுக் கோடிட மறந்தார்களா, யுத்தத்தில் இருவரும் பிரிந்தார்களா, யாருக்குத் தெரியும்?

கடனோடு இறந்தவருக்கு ஜனாஸா தொழ வைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராமல், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழ வைத்தார்கள் என்ற செய்தியை மதறஸாப் பிள்ளை எவனும் அறிவான். அந்த ஐந்தாவது வரியை வாப்பா எனக்குக் காட்டியதே இல்லை. நானும் ராத்தாவுக்குக் காட்டவில்லை. பைண்டிங்காரப் பெரியவர், “பழைய அட்டை இரண்டையும் தூக்கிப் போட்டுவிடலாம்” என்று சொன்னபோது என் மனத்துக்குள் ஒரு நிம்மதி வந்தது. சகோதரர்களே, அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்தேன். கிதாபுக்குக் கண்ணியம் செய்யப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு, ஒரு கணக்கை அழிக்கப் போகிறேனோ?

கடை நடத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும். பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது, மேலே வேறு தாள் ஒட்டக்கூடாது. பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். வாப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் கணக்குப் பாடம் இது. பழையதை ரிப்பேர் செய்வதற்கும் இதைவிட நல்ல சட்டம் எனக்குத் தெரியவில்லை. எது பழையது, எது நான் சேர்த்தது என்று பின்னால் வருகிறவன் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளவேண்டும். நான் செய்தது தப்பென்று அவனுக்குத் தோன்றினால் அதைப் பிரித்து எடுக்கவும் முடியவேண்டும். மிஷினில் சீவிய ஓரத்தை யாரால் திருப்பி ஒட்ட முடியும்?

அதுமட்டுமல்ல. எது வேண்டியது, எது வேண்டாதது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? 1972ல் யமன் நாட்டு ஸன்ஆ நகரத்துப் பெரிய பள்ளிவாசலைப் பழுதுபார்த்தபோது, கூரைக்கு அடியிலிருந்து பழைய குர்ஆன் ஏடுகள் ஆயிரக்கணக்கில் துண்டுகளாகக் கிடைத்தன. கிழிந்தவை, ஓதுவதற்கு உதவாதவை என்று எந்தக் காலத்திலோ யாரோ மரியாதையோடு ஒதுக்கி வைத்தவை. இன்றைக்கு உலகத்தில் உள்ள மிகப் பழைய குர்ஆன் ஏடுகளில் சில அவற்றில்தான் இருக்கின்றன. ஒதுக்கி வைத்தவர் கத்தரித்து ‘அழகு’ பண்ணியிருந்தால் என்னாகியிருக்கும்?

எட்டாம் மாதம் அதே பெரியவரிடம் போனேன். சீவக்கூடாது, வெள்ளைப் பசை கூடாது, பழைய அட்டைகள் அப்படியே வேண்டும் என்றேன். “அப்படியென்றால் எனக்கு வேலை நாலு மடங்கு, உங்களுக்கு அழகு கால்வாசி” என்று சிரித்தார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். பழைய தையல் துளைகளிலேயே புது நூல் கோத்தார். மடிப்பு கிழிந்த இடங்களுக்கு, நூல்நிலையங்களில் பழைய ஏடுகளுக்கு ஒட்டுகிறார்களே, அந்த மெல்லிய நார்த்தாளை வாங்கிக் கொடுத்தேன். அது ஜப்பானில் செய்வது. அவர்கள் குண்டுக்குத் தப்பி வந்த கிதாபுக்கு அவர்கள் தாளிலேயே ஒட்டு! கோதுமை மாவுப் பசைதான். தண்ணீர் காட்டினால் விட்டுவிடும். வழக்கம்போல் மயில்துத்தம் கலக்கப் பார்த்தார், பூச்சி வராதாம். நாளடைவில் அதுவே தாளைக் கெடுத்துவிடும் என்று சொல்லித் தடுத்தேன். முதுகுக்குச் சாதாரணத் தவிட்டுநிறத் துணி. பழைய தோலைப்போல் சாயம் ஏற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம், புதிது புதிதாகவே தெரியட்டும் என்றேன்.

பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. ராத்தாவுக்குத் திருப்தியில்லை, “இதற்கா இவ்வளவு காசு?” என்று கேட்டுவிட்டார். ஆனால் திறந்தால் ஏடு உதிர்வதில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு வரி எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். டப்பாவில் சேர்த்த துணுக்குகளில் இடம் தெரிந்தவற்றைப் பெரியவர் ஒட்டிவிட்டார். மீதியைத் துணியில் கட்டிக் கால்படாத இடத்தில் அடக்கினேன்.

அன்றிரவே ராத்தாவை உட்காரவைத்துப் பின்னட்டையைத் திறந்து காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “1938ல் 30 வெள்ளி என்றால் இப்போது எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். ஹஜ்ரத்திடம் கேட்டதற்கு, முதலில் வாரிசுகளைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் கொடுத்தவர் பேரால் தர்மம் செய்யலாம் என்றார்கள். நாகப்பட்டினத்துக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றதற்கு இன்னும் பதில் இல்லை. ஐந்தாவது வரி கோடில்லாமலே இருக்கிறது.