யாருடைய அளவுகோல்?

1954இல் இலண்டன் ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனையில் ஜோன் பொலம் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றார். தசை தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை, ஆபத்தையும் சொல்லவில்லை. வலிப்பில் இடுப்பு மூட்டுகள் உடைந்தன. 1957இல் வழக்கும் தோற்றது. பொறுப்புள்ள மருத்துவர் குழுவொன்று ஏற்கும் முறையெனில் அது கவனயீனமல்ல என்பதே அளவுகோல். உடைந்தது நோயாளியின் எலும்பு. அளவுகோல் மருத்துவரின் கையில்.

நோயாளிக்கு எது முக்கியமோ அந்த ஆபத்தைச் சொல்லியாகவேண்டும் என உச்ச நீதிமன்றம் கூற 2015 ஆயிற்று.

இன்று மயக்கமருந்து கொடுத்தே செய்கிறார்கள். கடும் மனச்சோர்வில் இச்சிகிச்சை உயிர்காப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எலும்பு தப்பியதோடு கேள்வி தீருமா? நினைவுகள் சில அழியலாம் என்பதை எம்மவருக்கு எமது மொழியில் விளக்காமல் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நாம் எப்படிச் சொல்வது?