அறிவு யாருக்குச் சொந்தம்?

ஒரு குலம் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த அறிவை அந்நியருக்குக் கற்பிப்பவன் துரோகியா, வள்ளலா? மைக்ரோனேசியாவின் சதவால் என்னும் சின்னஞ்சிறு தீவிலே பிறந்த மௌ பியாய்லுக் என்ற மாலுமி இவ்வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டார்.

பொலினேசிய மக்கள் திசையறிந்து பெருங்கடலைக் கடந்தார்கள் என்பதை மேலைநாட்டு அறிஞர் பலர் ஏற்கவில்லை. தொலைதூரத் தீவுகளைத் தற்செயலாகவே அவர்கள் அடைந்தனர் என 1956இல் அன்ட்ரூ ஷார்ப் வாதித்தார். ஆளப்படும் மக்களின் அறிவைத் தற்செயல் என்று தள்ளிவிடுதல் ஆள்வோருக்கு என்றும் வசதியானதே. ஹவாயில் 1893இல் அரசு கவிழ்க்கப்பட்டது. 1896இல் பாடசாலைகளிலிருந்து தாய்மொழியும் விலக்கப்பட்டது. கடலோடும் கலையோ அங்கே முன்னரே மறைந்துபோயிருந்தது.

1973இல் தோன்றிய பொலினேசியக் கடற்பயணச் சங்கம் அவ்வாதத்துக்குச் செயலால் விடையளித்தது. அது கட்டிய 'ஹொக்குலேயா' என்னும் இரட்டைத் தோணி 1976 மே மாதம் ஹவாயிலிருந்து புறப்பட்டு, சுமார் 2,500 மைல் கடந்து, ஜூன் 4ஆம் நாள் தஹித்தியை அடைந்தது. வழிகாட்டியவர் மௌ. கருவி எதுவும் அவரிடம் இல்லை. விண்மீன்கள் எழும் இடமும் மறையும் இடமும், தோணியை அசைக்கும் அலைகளின் போக்கும், அந்தியிலே கரை திரும்பும் பறவைகளுமே அவர் கற்ற நூல்கள்.

அப்பயணத்தில் மாலுமிகளிடையே மூண்ட பூசலால் மனம் நொந்த மௌ, திரும்பும் பயணத்திற் சேராது தம் தீவுக்குச் சென்றுவிட்டார். 1978இல் தோணி கவிழ்ந்தது. உதவி தேடிச் சென்ற எடி ஐக்காவ் கடலிலே மறைந்தார். அதன் பின்னர் நைனோவா தொம்சன் என்ற ஹவாய் இளைஞர் நாடி வந்தபோது, மௌ பழைய மனத்தாங்கலைப் பாராட்டவில்லை. தம்மவரிற் சிலர் குறை கூறியும் கற்பித்தார். 1980இல் அவ்விளைஞர் கருவிகளின்றித் தஹித்தி சென்று மீண்டார்.

மௌ செய்தது சரியா? குலமரபின் இரகசியத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. சிறு தீவிலே அவ்வறிவே ஒரு குடும்பத்தின் மதிப்பு. தகுதியற்றவன் கையிற் சிக்கினால் தோணியே மூழ்கும். ஆனால் அவருடைய தீவின் இளைஞரே அதனைக் கற்க முன்வராதபோது, பூட்டிய கதவு யாரைக் காக்கும்? அது திருடனைத் தடுக்கலாம், மரணத்தைத் தடுக்காது.

இதனைப் பழமை வழிபாடு என்று கருதுவாரும் உளர். அத்தோணியின் உடலோ ஒட்டுப்பலகையாலும் கண்ணாடியிழையாலும் ஆனது. நைனோவா கோளரங்கத்திலும் அமர்ந்து விண்மீன்களைப் பயின்றார். பழையதென்பதற்காக அன்று, உண்மையென்பதற்காகவே அவர்கள் இக்கலையைத் தேடினர்.

2007இல் ஹவாய் மக்கள் தாம் கட்டிய தோணியொன்றை மௌவுக்குக் காணிக்கையாகச் சதவாலுக்கே கொண்டு சென்றனர். அங்கே அவர் ஹவாயர் ஐவரையும் தம் தீவுக் கூட்டத்தார் பலரையும் ஒருங்கே மாலுமித் தலைவராக்கினார். கொடுத்த அறிவு தாய்மண்ணுக்கே திரும்பியது.

கொள்ளையிடுபவனும் அறிவை எடுத்துச் செல்கிறான். மாணவனும் எடுத்துச் செல்கிறான். தான் கடன்பட்டவன் என்பதை மறவாதவனே மாணவன். அறிவு அவனுக்கே சொந்தம்.