தேரில் இல்லாதவள்

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மலையை விட்டுக் கிளம்பும் மாலை. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் சந்நிதிக்குச் சற்றுத் தள்ளி, சாலையோரம் நின்றிருந்தோம். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அண்ணன் தள்ளி வந்திருந்தார். பக்கத்தில் நின்ற பெரியவர், "பெத்தா இப்படி ஒரு பிள்ளையப் பெக்கணும்" என்றார். நானும் தலையாட்டினேன். மாற்றுச் சேலையும் டயப்பரும் இருந்த பையோடு அண்ணி பின்னால் நின்றார்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கியோன் திருவிழாவில், ஜூலை 17 அன்று 'கக்கியோ யாமா' என்றொரு தேர் ஊர்வலம் போகும். யாமா என்றால் மலை. அதிலுள்ள கதை சீனாவிலிருந்து வந்தது. பெற்றோரைப் பேணிய பிள்ளைகள் பற்றிய 24 கதைகளில் ஒன்று. குவோ ஜூ ஏழை. அவனுடைய தாய் தன் பங்குச் சோற்றைப் பேரனுக்குக் கொடுத்துவிடுகிறாள். பிள்ளையை இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம், தாய் இன்னொருத்தி கிடைக்கமாட்டாள் என்று குழந்தையைப் புதைக்கக் குழி தோண்டுகிறான். மண்ணுக்குள் தங்கம் கிடைக்கிறது. தேரில் அவனும் குழந்தையும் பொம்மைகளாக நிற்கிறார்கள். பெற்றவள் இல்லை. யாருக்காகத் தோண்டினானோ அந்தக் கிழவியும் இல்லை.

நம்மிடமும் உண்டு. சிறுத்தொண்டர் கதையில் அடியாருக்குக் கறி சமைக்க அப்பா பிள்ளையை அறுக்கிறார். அம்மா கால்களைப் பிடித்துக்கொள்கிறாள். பெரியபுராணத்தில் இந்த இடத்தை நடத்தும்போது எனக்கு இன்றும் குரல் தடுமாறும். பக்தி ஒருவருடையது, கொடுக்கப்படுவது இன்னொருவருடையது. இதை அறம் என்று எப்படிச் சொல்வது?

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன் தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொள்வார். அப்பா பெருமாளுக்குக் கட்டிய மாலையைக் கேட்காமல் போட்டுப் பார்த்தவள் ஆண்டாள். அப்பா கண்டித்தார், பெருமாள் அதைத்தான் கேட்டார். சொல் கேளாத மகளுக்கு எங்கள் ஊர்வலத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதில் எனக்கு வெகுநாள் பெருமை. ஆனால் ஆண்டாளின் மீறலுக்காக வேறு எந்தப் பெண்ணும் உழைக்கவில்லை. நான் வீட்டை விட்டு வந்து ஆய்வு முடித்தேன், கவிதை எழுதினேன், பெண் விடுதலை பேசினேன். அந்த வருடங்களில் அம்மாவின் படுக்கையை மாற்றியது அண்ணி. அண்ணனைப் புகழ்ந்தவர்களோடு சேர்ந்து நானும் புகழ்ந்தேன். அது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

வேட்டுச் சத்தம் கேட்டது. பல்லக்கு நகர்ந்தது. பைக்காகக் கை நீட்டினேன்.

"நீ போய்ச் சாமியப் பாரு. அம்மாவுக்கு மாத்தணும்" என்றார் அண்ணி.