இடுப்பில் பிரித்த தையல்

சரிட்டிக் கடையில் ஒரே கம்பியில் தொங்கிய மூன்று காற்சட்டைகளிலும் 16 என்றே போட்டிருந்தது. ஒன்று தொடையைத் தாண்டி ஏறவில்லை. ஒன்று இடுப்பில் நிற்கவில்லை. புதுக்கடையில் இது தெரியாது. இங்கே பல கொம்பனிகளின், பல காலத்து உடுப்புகள் பக்கம் பக்கமாகத் தொங்குகின்றன. பழைய 16 பெரும்பாலும் இன்றைய 16ஐவிடச் சிறியது. இந்த எண்ணுக்காகவா 30 வருடம் இரவுச் சாப்பாட்டை விட்டேன்? பொருந்தாததற்கு உடம்பைக் குற்றம் சொன்னது என்ன நியாயம்?

ஊரில் சாறிச் சட்டை தைத்தவர் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார். உடம்பு பெருக்கும் என்று அவருக்குத் தெரியும், குறை சொன்னதில்லை. (சொந்தக்காரர் சொன்னார்கள், அது வேறு கதை.)

மூன்றாவது பொருந்தியது. ஆர் உடுத்ததோ என்ற கூச்சத்தோடுதான் வாங்கிவந்தேன். திருப்பிப் பார்த்தால், இடுப்புத் தையலை யாரோ பிரித்து, அகலமாக்கி, கையால் தைத்திருக்கிறார். அவருக்கும் வயிறு வைத்திருக்கிறது. உள்ளே இன்னும் அரை அங்குலம் துணி மிச்சமிருக்கிறது.