வழியடைத்தல் அறமாகுமோ?

சித்தூர், நெல்லூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 2022இல் அமைந்த மாவட்டத்தின் தலைநகராகிய திருப்பதியை நோக்குங்கள். கோவிந்தராசர் கோயிலைச் சூழ்ந்த பழைய மாடவீதிகளில் ஒரு தெரு மறு தெருவில் சென்று கூடுகிறது. வடக்கே சேஷாசலமலை தடுப்பதால், நகரம் திருச்சானூர், ரேணிகுண்டாப் பக்கங்களில் பரவுகிறது.

வயலை மனையாக்குவோர் அடுத்த மனைத் தெருவோடு இணையாது மதிலெழுப்பின் என்னாகும்? 1975 முதல் உலகின் பெரும்பகுதியில் புதுத் தெருக்களின் இணைப்புக் குன்றி வருவதை 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

ஆலைச் சங்கு ஊதுமுன் வாயிலை எட்ட வேண்டிய நாட்களில், யாம் ஒரு மதிலைச் சுற்றி அரைமைல் கூடுதலாக ஓடினோம். வண்டியுடையார்க்கு அது சில நிமிடம். நடப்பார்க்கோ அரைநாட் கூலி.

“எம் பொருளால் வாங்கிய நிலம், கள்வர்க்கஞ்சி அடைத்தோம்” என்பர். அவ்வுரிமையும் மெய், அச்சமும் மெய். ஆயினும் காவலுக்கு வீட்டுக் கதவு உண்டு, தெரு வீடன்று. வீட்டை இடித்துக் கட்டலாம். ஒருமுறை வகுத்த தெருவோ தலைமுறைகள் கடந்தும் மாறாது. இன்று அடைத்த வழியால் நாளைப் பிறப்போரும் சுற்றி நடப்பர்.

ஆதலின், மனைப்பிரிவுக்கு ஒப்புதலளிப்போர் மதிலிடையே ஒரு நடைவழியேனும் கேட்பாராக. முகமறியாதார்க்கு வழிவிடுதலே ஊரில் வாழ்வோர் அறமாம்.