மருந்தை மறுக்கும் பிராணியும் மனிதனின் அமானிதமும்

இஸ்லாம் கருணை மார்க்கம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கருணை எங்கே உரைத்துப் பார்க்கப்படுகிறது? நன்றி சொல்லத் தெரிந்தவரிடம் கருணை காட்டுவது எளிது. நம் கையைக் கண்டதும் பல்லைக் காட்டி உறுமும் ஒரு வாயில்லாப் பிராணியை, அதன் நலனுக்காகவே பிடித்து மருந்து புகட்ட வேண்டி வரும்போதுதான் அதன் மாற்றுத் தெரியும்.

விருதுநகர் மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. இந்த மண்ணின் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்பது இராஜபாளையம் நாய். வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இவ்வினத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் தபால் தலை வெளியிட்டது. மலையடிவாரத் தோப்புகளிலும், கரிசல் காட்டு ஆட்டுக்கிடைகளிலும் நாய்தான் காவல். நம்மவர்களிலும் தோட்டம் துரவு, ஆடு மாடு உடையவர்கள் காவலுக்கு நாய் வைத்திருக்கிறார்கள். கால்நடைக் காவல், வேட்டை, விவசாயம் ஆகிய தேவைகளுக்கு நாய் வளர்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். தேவையின்றி வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்றும் எச்சரித்துள்ளார்கள். நாம் இங்கே பேசுவது அனுமதிக்கப்பட்ட தேவைக்காக வளர்க்கப்படும் நாயைப் பற்றியே.

அந்த நாய்க்கு நோய் வருகிறது. சொறி பிடித்து ரோமம் கொட்டுகிறது. வயிற்றில் பூச்சி சேர்ந்து மெலிகிறது. தீபாவளி நெருங்கினால் வெடிச் சத்தத்தில் வெடவெடவென்று நடுங்கி மூலையில் ஒண்டுகிறது. கால்நடை மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். நாயோ வாயைத் திறக்க மறுக்கிறது. இரண்டு முறை முயன்ற வீட்டுக்காரர் மூன்று காரணங்களைச் சொல்லி ஒதுங்கிக் கொள்கிறார். நாய் நஜீஸ், தொட்டால் தொழுகை என்னாவது என்பது ஒன்று. அதற்கே விருப்பமில்லாதபோது நாம் ஏன் வதைக்க வேண்டும் என்பது இரண்டு. இறைச்சிக்குள் ஒளித்துக் கொடுப்பது ஏமாற்று வேலை அல்லவா என்பது மூன்று. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

தொடலாமா?

ஷாபி மத்ஹபின்படி நாய் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு தடவை, அவற்றுள் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். இரு பக்கமும் உலர்ந்திருக்கையில் பட்டால் அசுத்தம் ஒட்டுவதில்லை. ஹனபி மத்ஹபில் நாயின் உமிழ்நீர் நஜீஸ். உலர்ந்த உடலும் ரோமமும், வேறு அசுத்தம் படாதவரை, நஜீஸ் அல்ல. மூன்று தடவை கழுவினால் போதும். அவரவர் தத்தம் மத்ஹபின் சட்டத்தைப் பேணிக் கொள்ளட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டங்கள் யாவும் பட்ட பின் எப்படிச் சுத்தமாவது என்று கற்பிக்கின்றனவே தவிர, பிராணியைத் தொடாமல் சாக விடு என்று எங்கும் சொல்லவில்லை. குழந்தையின் மலம் நஜீஸ்தான். அதற்காக எந்தத் தாயாவது குழந்தையைக் கழுவாமல் விட்டு விடுகிறாளா? தேவை ஏற்படும்போது அசுத்தத்தைக் கையாண்டு, பிறகு கழுவித் தூய்மையாகித் தொழுவதே மார்க்கம் காட்டும் முறை. கையுறை அணியலாம், தொழுகைக்கான உடையை மாற்றி வைத்துவிட்டுப் பழைய சட்டையோடு இவ்வேலையைச் செய்யலாம். தாகத்தால் ஈர மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாயைக் கண்ட ஒரு வழிப்போக்கர், கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக் கொண்டு ஏறி வந்து புகட்டினார் என்றும், அதற்காக அல்லாஹ் அவருடைய பாவங்களை மன்னித்தான் என்றும் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். அவர் தம் காலுறை அசுத்தமாகிவிடுமே என்று கிணற்று மேட்டில் நின்று யோசிக்கவில்லை!

வற்புறுத்தலாமா?

இதுவே இக்கட்டுரையின் முக்கியக் கேள்வி. இதற்கு வெளிச்சம் தரும் நிகழ்ச்சி ஒன்று அண்ணலாரின் வாழ்விலேயே இருக்கிறது. நோயுற்றிருந்த வேளையில் அவர்களுக்கு வாயின் ஒரு பக்கமாக மருந்து ஊற்றினார்கள். இப்படிப் புகட்டும் மருந்துக்கு அரபியில் 'லதூத்' என்று பெயர். வேண்டாம் என்று அண்ணலார் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின்மீது இயல்பாக உள்ள வெறுப்புத்தானே என்று கருதிச் சுற்றியிருந்தோர் புகட்டிவிட்டனர். தெளிந்ததும் அண்ணலார் அதைக் கண்டித்தார்கள். அப்போது உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டில் இருந்த அனைவருக்கும் அதே மருந்தைப் புகட்டுமாறும் பணித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் இது பதிவாகியுள்ளது.

நோயாளியின் மறுப்பை வெறும் வெறுப்பு என்று எண்ணித் தள்ளிவிடக் கூடாது என்ற பாடம் இதில் இருக்கிறது. நோயாளியை மருந்துண்ணக் கட்டாயப்படுத்துவது மக்ரூஹ் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் நாயின் மறுப்பையும் மதிக்க வேண்டாமா?

இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். அறிவுள்ள மனிதன் மறுக்கும்போது, நோய் இன்னது, மருந்து இன்னது என்று எடை போட்டு மறுக்கிறான். அந்த மறுப்பு ஒரு முடிவு. நாய் மறுப்பதோ மருந்தை அல்ல. தன் தாடையைப் பிடிக்கும் கையையும் நாக்கில் படும் கசப்பையும்தான் அது மறுக்கிறது. மருந்து என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த மறுப்பு ஓர் அச்சம். அச்சத்தை முடிவு என்று எடுத்துக் கொண்டு விலகிவிடுவது கருணை அல்ல. கருணையின் பெயரால் கையைக் கழுவிக் கொள்வது. பச்சிளம் குழந்தை அழுகிறதே என்று நாம் காய்ச்சல் மருந்தைக் கீழே ஊற்றிவிடுகிறோமா?

ஆனாலும் குழந்தைக்கும் நாய்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குழந்தை வளர்ந்த பின் நம் செயலைப் புரிந்து கொள்ளும். நாம் தவறு செய்திருந்தால் கேள்வியும் கேட்கும். நாய் ஒருநாளும் புரிந்து கொள்ளப் போவதில்லை. ஒருநாளும் கேட்கப் போவதுமில்லை. மெல்லக் கொடுத்தாலும் சரி, மிதித்துக் கொடுத்தாலும் சரி, உலகில் அதற்காக வழக்காடுவோர் எவருமில்லை. சாட்சி அல்லாஹ் ஒருவனே. ஆகவே நாயின் மறுப்பு நம்மைக் கடமையிலிருந்து விடுவிப்பதில்லை. மாறாக, மனிதனிடம் நடப்பதைவிட அதிகமான பேணுதலை நம்மீது சுமத்துகிறது. அமானிதம் என்பதன் பொருளே இதுதான். உரியவன் கேட்க முடியாத இடத்திலும் உரியதைச் செலுத்துவதே அமானிதம்.

ஹிஜ்ரி 660-இல் மறைந்த ஷாபி மத்ஹபுப் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகையில், முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பின்னரும் அவற்றுக்குச் செலவிட வேண்டும் என்பதைச் சேர்த்துள்ளார்கள். நம் நாட்டில் 1960-இல் வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் மூன்றாம் பிரிவில், பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்க வேண்டும் என்கிறது. சட்டம் இன்று சொல்வதை இமாமவர்கள் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்!

ஏமாற்றலாமா?

ஒரு தாய் தன் சிறுவனை, வா, உனக்கொன்று தருகிறேன் என்று அழைத்தபோது, என்ன தர நினைத்தாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தப் பெண்மணி. எதுவும் தராமல் விட்டிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அண்ணலார் உணர்த்தியதாக அபூதாவூதில் வருகிறது. இதை அளவுகோலாக வைத்துப் பார்ப்போம். வெறுங்கையைக் குவித்துக் காட்டி, தீனி இருப்பது போல் நாயை அழைத்துக் கழுத்தைப் பிடிப்பது பொய்க்கு நிகரானது. இறைச்சித் துண்டுக்குள் மாத்திரையை வைத்துக் கொடுப்பதில் பொய் இல்லை. காட்டிய இறைச்சி உண்மையிலேயே அதன் வாய்க்குக் கிடைக்கிறது. கூடவே நோய்க்கு நிவாரணமும் கிடைக்கிறது. வெறுங்கையை நம்பி ஏமாந்த நாய் மறுநாள் நல்ல கையையும் நம்பாது என்பது நடைமுறையிலும் கண்கூடு.

புகட்டும் முறை

முதலில் மாத்திரை இல்லாத துண்டு ஒன்று. அடுத்து மாத்திரை வைத்த துண்டு. உடனே மூன்றாவதாக வெறும் துண்டு. மூன்றாவதைப் பிடிக்கும் ஆவலில் இரண்டாவதை நாய் விழுங்கிவிடும். வேகவைத்த எலும்பில்லாத இறைச்சி ஏற்றது. பிரியாணிச் சட்டியில் மீந்ததில் வைக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்குத் தீங்கு. கிஸ்மிஸ் பழம் அதைவிடத் தீங்கு. வீட்டிலுள்ள பாராசிட்டமால் போன்ற மனித மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது மருந்தல்ல, நஞ்சு. மாத்திரையைப் பொடிக்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

திரவ மருந்தானால், ஊசி நீக்கிய சிரிஞ்சினால் கன்னத்தின் உட்புறமாகச் சிறுகச் சிறுக விட வேண்டும். லதூத் என்று மேலே கண்டோமே, அதே முறைதான். தலையை அண்ணாந்து பிடித்துத் தொண்டையில் கொட்டினால் மருந்து நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகும். வெள்ளை நிற இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடும் காணப்படுவதால், பின்னாலிருந்து திடீரென்று பிடிக்காமல் முன்னால் சென்று நிற்பது நன்று.

ஓர் எச்சரிக்கை. எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், தொண்டையில் எலும்பு சிக்கியது போல் நாய் தவித்தால் வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக் கொள்வது கடமை.

வெடிச் சத்தத்திற்கு அஞ்சும் நாய்க்கு மருந்து இரண்டாவதுதான். மனிதச் செவி 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். நாயின் செவி 45,000 வரை கேட்கும். அதை மோட்டார் ரூமிலோ கொட்டகையிலோ அடைத்துச் சாளரத்தை மூடி வைப்பது முதல் உதவி. தீபாவளியன்று இரண்டு மணி நேரமே வெடிக்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு விதித்தது. அரசு அறிவிக்கும் அந்த நேரத்தைக் கணித்து, சத்தம் தொடங்கு முன்பே மருத்துவர் தந்த மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும். நடுக்கம் ஏறிய பின் மருந்து அவ்வளவாக எடுபடாது.

மனிதனுக்கே இல்லாதபோது...

பட்டாசு ஆலை விபத்துகளில் கரியாகும் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் சிவகாசி வட்டாரத்தில், நாய்க்கு மருந்தா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி, மனித உயிரே முதன்மை. ஆனால் நாய்க்குச் செலவாகும் சில ரூபாய் அந்த ஏழைகளிடமிருந்து பறித்ததல்ல. இரவெல்லாம் விழித்து நம் ஆட்டைக் காத்ததற்கு நாம் தர வேண்டிய கூலி. மேலும் நாயின் குடற்பூச்சி நம் வீட்டுப் பிரச்சினையும்கூட. குர்பானி ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் காணும் நீர்க்கட்டிகளை நாய்க்கு எறிந்தால், அவை நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டைகள் மலத்தின் வழியே நம் குழந்தைகளின் வயிற்றுக்குள் சென்று, அவர்களின் ஈரலில் கட்டிகளாகும். ஆகவே கழிவுகளை ஆழப் புதைப்பதும், நாய்க்கு உரிய காலத்தில் பூச்சி மாத்திரை புகட்டுவதும் மனிதனுக்குச் செய்யும் சேவையே.

இறுதியாக ஒன்று. குணமாக வழியில்லை என்று மருத்துவரே கூறிய, முதிர்ந்து ஒடுங்கிய பிராணியை நாள்தோறும் பிடித்து அமுக்கி மருந்தூற்றுவது எதற்காக? நம் மனத்தின் ஆறுதலுக்காகவா, அதன் நலனுக்காகவா? நலன் இல்லாத இடத்தில் வற்புறுத்தலுக்கு நியாயம் இல்லை. அப்போது நிழலும் நீரும் அமைதியுமே அதற்குரிய மருந்து. புகட்டும் கையைப் போலவே, நிறுத்தத் தெரிந்த கையும் கருணையுள்ள கைதான்.

பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகடித்தவள் தண்டிக்கப்பட்டதும், நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதும் நாம் அறிந்தவையே. பேச இயலாதவற்றின் விஷயத்தில் நம்மைப் பேணுதலுடையோராகவும், அவற்றின் அச்சத்தைப் புரிந்து நடக்கும் மென்மையுடையோராகவும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.