சிவப்பு மை

2009 நவம்பர் 27. கம்போடியப் போர்க்குற்ற மன்றத்தில் டுச் மீதான விசாரணையின் கடைசி நாள். பல மாதங்களாக அதே மன்றத்தில் ‘நானே பொறுப்பு’ என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவந்த டுச், அன்று எழுந்து தன்னை விடுதலை செய்யும்படி கேட்டார். இதைப் படித்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

கெமர் ரூஜ் ஆட்சியில், புனோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தையே சிறையாக்கினார்கள். எஸ்-21 என்ற அந்தச் சிறைக்கு டுச்தான் தலைவர். அங்கே போய் மாண்டவர்கள் குறைந்தது 12,272 பேர் என்று நீதிமன்றம் கணக்கிட்டது. தலைவராவதற்கு முன் அவர் கணித ஆசிரியர்.

அந்த ஆசிரியர்தான் என்னை விடமாட்டேன் என்கிறார். சித்திரவதை செய்து எழுதி வாங்கிய வாக்குமூலங்களை டுச் வரிவரியாகப் படிப்பாராம். ஓரத்தில் சிவப்பு மையால் குறிப்பு எழுதுவாராம், விடைத்தாள் திருத்துவதைப் போல. யாரை இன்னும் விசாரிக்க வேண்டும், யாரைத் தீர்த்துவிட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. எழுதும்போதே கவனிக்கிறேன், அவரை ‘அவன்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கணக்கு வாத்தியாரை அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

எட்டாம் வகுப்பில் எங்கள் கணக்கு சாரும் சிவப்பு மைதான். அரைப்பரீட்சைத் தாளில் அவர் போட்ட 31-ஐ நான் 81 ஆக்கினேன். பெட்டிக்கடையில் அதற்கென்றே ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன். காரியம் முடிந்ததும் அதைப் பக்கத்துப் பையனின் டெஸ்க்குக்குள் போட்டுவிட்டேன். குட்டு வெளிப்பட்டபோது பேனா அங்கே கிடைத்தது. என்னிடம் காசு வாங்கிக்கொண்டு திருத்தித் தந்தவன் அவன்தான் என்று முடிவுகட்டி, அவன் உள்ளங்கை வீங்கும்வரை அடித்தார்கள். மறுநாள் சாரிடம் போய்த் தேம்பித் தேம்பி அழுது உண்மையைச் சொன்னேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அழுகை ஓயும் முன்பே, ‘‘சார், வீட்ல சொல்லிட மாட்டீங்களே?’’ என்றும் கேட்டேன். சார் பதில் சொல்லவில்லை. அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அது எனக்கு அன்று தோன்றக்கூட இல்லை.

ஒரு பிள்ளையின் கள்ளத்தனத்தை 12,272 உயிர்களுக்குப் பக்கத்தில் வைக்கக் கூசுகிறது. வைக்காமல் யோசிக்கவும் தெரியவில்லை.

ஏதோ துணைப்பாடத்தில் பொற்கைப் பாண்டியன் கதை படித்திருக்கிறேன். ஊர்க்காவல் வந்த அரசன், புருஷன் ஊரில் இல்லாத வீட்டில் ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டுகிறான். திரும்பி வந்துவிட்ட கணவனின் குரல்தான் அது. அந்தப் பெண்மேல் பழி விழக் கூடாதென்று தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போகிறான். மறுநாள் சபையில் தானே குற்றத்தைச் சொல்லிக் கையை வெட்டிக்கொள்கிறான். அந்த வயதில் எனக்கு மெய்சிலிர்த்தது. இப்போது நினைத்தால், கதை வெட்டிய கையோடு நிற்கவில்லையே என்றிருக்கிறது. பொன்னால் கை வந்தது, பெயரும் வந்தது. வருந்தியவனுக்கு ஏதாவது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதே மன்றத்தில் பின்னர் விசாரிக்கப்பட்ட கெமர் ரூஜ் தலைவர் நுவோன் சீயா, நாட்டைக் காக்கத்தான் எல்லாம் செய்தோம் என்று வாதாடினார். அந்த முரட்டுத்தனத்தைப் பார்த்துக் கொதிக்கலாம், குழம்ப வேண்டியதில்லை. டுச்சோ 2008இல் சோயுங் ஏக் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அழுதார். எஸ்-21இல் பிழைத்த ஓவியர் பூ மெங், தம் மனைவியை எங்கே கொன்றீர்கள் என்று சாட்சிக் கூண்டிலிருந்து கேட்டபோது, டுச்சால் உறுதியாக ஓரிடத்தைச் சொல்ல முடியவில்லை. அத்தனை தாள்களைத் திருத்திய மனிதரிடம் அந்த ஒரு விடை இல்லை.

2010இல் 35 ஆண்டு தண்டனை, 2012இல் மேல்முறையீட்டில் அது ஆயுளானது. 2020 செப்டம்பரில் கைதியாகவே இறந்தார்.

விடுதலை கேட்ட அந்த நிமிடம் முந்தைய அழுகையையெல்லாம் பொய்யாக்கிவிட்டதா? ஆமாம் என்று பூ மெங் சொன்னால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். நானாகச் சொல்ல வாய் எழவில்லை. சாரின் மேஜையருகே நின்று நான் அழுததில் எவ்வளவு அந்தப் பையனின் கைக்காக, எவ்வளவு அப்பாவின் பெல்ட்டுக்காக என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.